சத்தியத்தின் பின்பாதி

பதினோரு நிமிடம் எடுத்ததை அழிக்கப் பதினோரு நிமிடம் ஆகும். அவரைப் பார்த்துத்தான் இது எனக்குத் தெரியும். டேப்பைப் பின்னால் ஓட்டுவார். லென்ஸுக்கு மூடி போடுவார். சிவப்புப் பொத்தானை அமுக்குவார். முகத்தின் மேல் இருட்டு பதியத் தொடங்கும். அவ்வளவு நேரமும் ஒரு வார்த்தை பேச மாட்டார். யாருடைய முகம் அழிகிறதோ அந்த ஆளையும் எழுந்து போக விட மாட்டார்.

"இருந்து பாருங்க. எனக்குத் தெரியாம வச்சுக்கிட்டாளோன்னு நாளைக்கு உங்களுக்கு ஒரு சந்தேகம் வரக்கூடாது."

ஊர் அவரைப் படக்காரம்மா என்றது. நான் அக்கா என்றேன். சென்னையில் ஒரு கல்லூரியில் மானுடவியல் நடத்தியவர். மழை மாறுகிறது, மாறுகிற மழையோடு விவசாயி எப்படி மல்லுக்கட்டுகிறான், அதைப் படமாக்க வேண்டும் என்று, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வறண்ட வருடங்களில் ஐப்பசிதோறும் எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார். திருப்புல்லாணிக்குக் கிழக்கே, கடல் கண்ணுக்குத் தெரியாது, காற்றில் மட்டும் உப்பு தெரியும், அந்தத் தூரத்தில் எங்கள் ஊர். தை அறுப்புவரை இருப்பார். நான்கு வருடம் அப்படி. எங்கள் வீட்டின் கிழக்கு அறையில் தங்கல். வீட்டில் அய்யாவும் நானும்தான். நான் பால்வாடி டீச்சர். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்தால், அவருடைய பட்டணத்துத் தமிழுக்கும் எங்கள் ஆட்களின் பேச்சுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் விளங்க வைப்பது என் வேலை.

சேலைக்கு மேல் ஆம்பளையாட்களின் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார், வயல் வேலைக்குப் போகும் எங்கள் பெண்களைப் போலவே. அவர்கள் விடுவார்களா?

"ஏத்தா, சட்டையப் போட்டா களையெடுக்க எறங்கணும். கரையில நின்னு வேடிக்கை பாக்கப்படாது."

இறங்கினார். அரைமணி நேரம் குனிந்து பிடுங்கினார். பிடுங்கியதில் பாதி நெல்.

"ஆத்தாடி! இவள இன்னும் ஒரு வாரம் விட்டா வானம் செய்யாத வேலைய இவளே செஞ்சுருவா."

அந்தச் சிரிப்பையும் எடுத்தார். பிறகு, வழக்கம்போல, ஒவ்வொருத்தியிடமும் கேமராவைக் கொண்டுபோய், பக்கவாட்டில் திறக்கிற அந்தச் சின்னத் திரையைக் காட்டி, "இருக்கட்டுமா, அழிச்சிடவா?" என்றார். கேட்காமல் ஒரு முகத்தையும் வைத்துக்கொண்டதில்லை. "முகம் உங்களுது. டேப்புதான் என்னுது" என்பார்.

எனக்கு அது முதலில் மரியாதையாகப் பட்டது. பிறகு பிடிவாதமாகப் பட்டது. பிறகு, ஒரு மார்கழியில், கொடுமையாகப் பட்டது.

பிடிவாதம் தெரிந்தது புதுமடத்தில், ஒரு தென்னந்தோப்பில். கிணறு உப்பாகிப்போன கதையை அந்த வீட்டு மாமி ஒரு பகல் முழுக்கச் சொன்னார். தண்ணீரை வாளியில் மொண்டு குடித்துக் காட்டி, முகத்தைச் சுளித்து, காய்க்காத மரங்களைப் பிள்ளைகளைப்போலப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு... அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. சாயங்காலம் திரையில் பார்த்ததும் மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டார்.

"மாஷா அல்லாஹ், நல்லாத்தான் இருக்கு. ஆனா வேணாம்மா. எம்மவன் சவூதியில பாத்தாண்டு வச்சுக்க, உம்மாவக் காட்சிக்கு வச்சுட்டீங்களாண்டு கோவிப்பான்."

முக்கால் மணிநேரப் படம். மூடியைப் போட்டார். முக்கால் மணிநேரம் மூன்று பேரும் அந்தத் தோப்பில் உட்கார்ந்திருந்தோம், இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. நடுவில் மாமி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். திரும்பும் வழியெல்லாம் நான் பொருமினேன்.

"ஒரு பகல் போச்சேக்கா. அந்த மகன் என்ன, தேடி வந்தா பாக்கப்போறான்?"

"வரமாட்டான். ஆனா அவங்க தினமும் பயந்துக்கிட்டு இருப்பாங்க. அந்தப் பயத்தை வச்சு நான் என்ன படம் எடுக்கிறது?"

எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார். மழை எப்போதிருந்து இப்படி? எங்க அய்யா செத்த வருசத்துலருந்து என்றார் ஒருவர். கரண்டு வந்ததுலருந்து என்றார் இன்னொருவர். இந்தப் படக்காரம்மா வந்ததுலருந்துதேன் என்றான் என் சித்தப்பா மகன் முருகேசன், எதற்கும் ஒரு குத்தல் வைத்திருப்பவன். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித் தலையாட்டி, ஒரே பொறுமையோடு எடுத்துக்கொண்டார். முருகேசன் சொன்னதையும் வைத்துக்கொள்ள அவனிடம் அனுமதி கேட்டார். அவன்தான் வெட்கப்பட்டான்.

நான்காவது வருடம். புரட்டாசியில் புழுதியில் விதைத்ததை எறும்பு தின்றது. ஐப்பசி கடைசியில் மறுபடி விதைத்தோம். கார்த்திகையில் பத்து நாள் கொட்டிவிட்டு வானம் கதவைச் சாத்திக்கொண்டது. மார்கழியில் பயிர் பால் பிடிக்கிற நேரம், கண்மாயில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தண்ணீர். கணக்குப்படி எல்லா வயலும் ஒருமுறை நனைகிற அளவு. அது பாய்ந்தால் கதிர் தேறும். இல்லையென்றால் வைக்கோல்.

அய்யா ஊரின் நீர்பாய்ச்சி. கண்மாய் மடையைத் திறக்கவும் அடைக்கவும் அவர் ஒருவருக்குத்தான் உரிமை. எந்த வயலுக்கு எப்போது என்று முறை வைப்பதும் அவர்தான். அந்தக் கடைசித் தண்ணீரை, பயிர் இன்னும் கொஞ்சம் வாடட்டும், அப்போதுதான் முழுப் பலன் என்று, நாள் பார்த்துப் பிடித்து வைத்திருந்தார். கடைமடையில், வாய்க்கால் போய்ச் சேர்கிற கோடியில், ஆறு வயல்கள். அவற்றில் ஒன்று காளியம்மாவுடையது. புருஷன் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனவன் திரும்பவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள். கடைமடைக்கு முறை வரும்போது கண்மாயில் சேறுதான் இருக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

ஒரு விடியற்காலை அய்யா திருப்புல்லாணியில் ஒரு துட்டி வீட்டுக்கு, சாவு விசாரிக்க, முதல் பஸ்ஸில் போனார். காலை எட்டு மணிக்கு ஊர் கரையில் ஓடியது. மடை திறந்து கிடந்தது. மூன்று பேர் சேர்ந்து அடைப்பை இறக்குவதற்குள் பாதித் தண்ணீர் போய்விட்டது. கடைமடை வயல்கள் ஆறும் தளும்பின. அதையும் தாண்டிப் போனது கருவேலங்காட்டுக்குள் பாய்ந்து உப்புமண்ணில் இறங்கியது.

"தெறந்து விட்டுட்டு பஸ் ஏறிட்டாருய்யா நீர்பாய்ச்சி." முருகேசன்தான் முதலில் சொன்னான். மதியத்துக்குள் ஊரே சொன்னது.

அக்கா தினமும் விடியலில் கண்மாய்க் கரையில் கேமராவை நிறுத்துவார். மடைக்குப் பக்கத்தில் ஒரு கல். தண்ணீர் அந்தக் கல்லில் எதுவரை நிற்கிறது என்று தினம் ஒரு படம். ஸ்டாண்டில் வைத்து ஓடவிட்டுவிட்டு, கரையோரமாக நடந்து போய் ஒரு மணி நேரம் கழித்து வருவார். அன்றும் அப்படித்தான். திரும்பி வந்தபோது தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டதாம். அய்யா திறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு கேமராவை எடுத்து வந்துவிட்டாராம்.

பிற்பகலில் கிழக்கு அறையில் இரண்டு பேரும் அந்த டேப்பைப் பார்த்தோம். சாம்பல் வெளிச்சம். காளியம்மா வருகிறாள். அடைப்பைத் தூக்கும் கம்பியில் தன் முழு எடையோடு தொங்குகிறாள். அடைப்பு மேலே வருகிறது. வாய்க்காலைப் பார்த்து ஓடிப்போகிறாள். கல்லும் தண்ணீரும் மட்டும் கொஞ்ச நேரம். மறுபடி வருகிறாள். கம்பியை அமுக்குகிறாள். இறங்கவில்லை. ஏறி நின்று மிதிக்கிறாள். இறங்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு படத்தைவிட்டு வெளியே போகிறாள். அவள் இருந்த நேரத்தைக் கூட்டினால் பதினோரு நிமிடம்.

 "அய்யா தப்பிச்சாரு" என்றேன்.

"முதல்ல அவங்ககிட்ட கேக்கணும்" என்றார்.

காளியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தாள். 

"அரைமணி நேரம் விட்டுட்டு அடச்சிரலாம்னுதேன் தாயி. அடைப்பு குறுக்க வெலங்கா மாட்டிக்கிருச்சு. ஊரு தண்ணிய ஓடவிடணும்னு நெனப்பேனா?"

"இருக்கட்டுமா, அழிச்சிடவா?"

"அழிச்சிரு தாயி. தெரிஞ்சா எம்புள்ளைகள இந்த ஊருல நிக்க விடமாட்டாக."

அக்கா லென்ஸ் மூடியைக் கையில் எடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நான்கு வருடத்தில் அவரைத் தொட்டது அன்றுதான்.

"எங்க அய்யாவத் திருடன்னு சொல்றாகக்கா. ஒங்களுக்குச் சோறு போட்ட மனுசன். அழிக்காதீங்க."

"அய்யா சத்தியம் பண்ணுவார் இல்ல?" என்றார். கையை விடுவிக்கவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். "அவர் திறக்கலை. அவருக்கு எதுவும் தெரியாது. சத்தியம் பண்ணிட்டா ஊர் விட்டுடும், நீதானே சொல்லியிருக்கே. அவருக்கு ஒரு வழி இருக்கு. இவங்களுக்கு இல்லை." என்னை நேராகப் பார்த்தார். "நீ பார்த்ததை அவர்கிட்ட சொல்லிடாதே."

பதினோரு நிமிடம். காளியம்மாவின் சின்ன மகள் உள்ளே எதையோ உரலில் இடிக்கும் சத்தம். நான் கையை எடுத்துவிட்டேன்.

அந்தச் சத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடைத் தண்ணீரில் களவு நடந்தால், கரையிலிருக்கும் அய்யனார் முன்னால் நீர்பாய்ச்சிதான் முதலில் நிற்க வேண்டும். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து இரண்டு சொல் சொல்ல வேண்டும். நான் திறக்கல. திறந்தது ஆருன்னு எனக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் சத்தியம். பாதிச் சத்தியம் பொய்ச் சத்தியத்தைவிடக் கேவலம் எங்கள் ஊரில்.

இதைப் பால்குடி மறந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அக்கா ஒரே ஒருமுறை, அதுவும் என் வாயால் கேட்டவர்.

சாயங்காலம் அய்யா சாப்பிட உட்கார்ந்தார். "நாளைக்குக் காலையில சூடமாம். கையில ஒரு கொப்புளம், அம்புட்டுத்தேன். சோத்தப் போடு தாயி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க ஏன்யா சுட்டுக்கிறணும்? காளியம்மாக்காதேன் தெறந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

அவர் கை தட்டில் நின்றது. மெதுவாக அந்தத் தட்டிலேயே கையைக் கழுவினார்.

"எங்கிட்ட நீ சொல்லிருக்கப்படாது தாயி."

காலையில் கோயில் முன்னால் ஊர் கூடியது. அம்பலம் நடுவில் உட்கார்ந்தார். ஊர்ப் பெரியவருக்கு எங்கள் பக்கம் அதுதான் பட்டம். அக்கா கேமராவைக் கொண்டுவரவில்லை. பெண்கள் பக்கம் என்னோடு நின்றார். நான்கு ஆள் தள்ளிக் காளியம்மா.

சூடம் எரிந்தது. அய்யா ஓங்கி அடித்தார். "நான் தெறக்கல."

கூட்டம் காத்திருந்தது. அய்யா கையை மூடிக்கொண்டு நின்றார்.

"ஏப்பா முத்திருளு, மிச்சத்தையும் சொல்லு" என்றார் அம்பலம்.

"அம்புட்டுத்தேன் அம்பலம்."

"திறந்தது ஆருன்னு தெரியாதுன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்."

"அப்ப ஆருன்னு சொல்லு."

"அதுவும் சொல்லமாட்டேன்."

கரை இரைந்தது. "பாத்தீகளா! வாயில வரமாட்டேங்குதே!" "தெறக்கவும் விட்டுட்டு, தெறந்த ஆளையும் காப்பாத்துறாரு, கூட்டுக் களவாணி!" "நீர்பாய்ச்சிய மாத்துங்கய்யா!" அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். நான் தரையைப் பார்த்தேன். அவர் முன்னால் போய்விட்டார்.

"அவர் திறக்கலை. திறந்தவங்களை நான் படத்துல பார்த்தேன்."

"போட்டுக் காட்டு" என்றார் அம்பலம்.

"அழிச்சிட்டேன்."

"ஆரு சொல்லி?"

"படத்துல இருந்தவங்க சொல்லி."

முருகேசன் கைதட்டினான். "அதேன் வெளங்கிப் போச்சே! நாலு வருசம் சோறு போட்ட வீட்டுக்காரரு சொல்லிருப்பாரு, அம்மா அழிச்சிருப்பாக!"

"அவர் இல்லைன்னு நானும் சூடம் அடிக்கிறேன்."

கூட்டத்தில் ஒரு கிழவர், அதிகம் பேசாதவர், நிதானமாகச் சொன்னார். "நீ தை முடிஞ்சா மூட்டையக் கட்டிருவ தாயி. பொய்ச் சத்தியம் பண்ணுனா எங்க புள்ளகுட்டிக்கு ஆகாதுன்னு நாங்க நடுங்குறோம். ஒனக்கு இங்கன போறதுக்கு என்ன இருக்கு? எதுவும் போகாதவ சத்தியம் என்னத்துக்கு ஆகும்?"

அக்கா கரையிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தார். ஓடிப்போறா என்று யாரோ சிரித்தார்கள். தகரப் பெட்டியோடு திரும்பி வந்தார். நான்கு வருடத்து டேப்புகள் முழுவதும் அதில் இருந்தன. விதைப்பு, களை, சிரிப்பு, கல்லில் இறங்கிய தண்ணீர், ஒவ்வொருவரும் சொன்ன மழை. இனிமேல்தான் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் படமாக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியை அணைந்த சூடத்தின் பக்கத்தில் வைத்தார்.

"எனக்குப் போறதுக்கு இது இருக்கு. பேரைச் சொல்லமாட்டேன். இவர் இல்லைங்கிறதுக்கு இதை வச்சுக்குங்க."

கூட்டம் பெட்டியை எட்டிப் பார்த்தது. காளியம்மாவின் பெயர் என் நாக்கு வரை வந்தது. சொன்னால் பெட்டி அக்காவுடையது, அய்யாவின் மானம் அய்யாவுடையது. நான்கு ஆள் தள்ளி காளியம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் என் பால்வாடியில் படித்தவை. நான் வாயைத் திறக்கவில்லை. நல்லவளாக இருந்ததால் என்று நினைத்துவிட வேண்டாம். எப்படித் தெரியும் என்று அடுத்துக் கேட்பார்கள். அய்யாவிடம் நான் சொன்னது அக்காவுக்குத் தெரிந்துபோகும். அந்த இடத்தில் எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

அம்பலம் வெகுநேரம் பெட்டியைப் பார்த்தார். "நாலு வருச ஒழைப்பக் கொண்டாந்து வைக்கிறவ பொய் சொல்லமாட்டா. முத்திருளே நீர்பாய்ச்சியா இருக்கட்டும். பெட்டி கோயில்ல இருக்கும். தெறந்த ஆளு வந்து ஒத்துக்கிற அன்னைக்கு நீ எடுத்துட்டுப் போ."

மறுநாள் உச்சிப்புளி ஸ்டேஷனில் அவரோடு நின்றேன். கையில் கேமராப் பை மட்டும். ரயில் பாம்பன் பக்கமிருந்து வருவது கேட்டது.

"நீ அய்யாகிட்ட சொன்னியா?"

"இல்லக்கா" என்றேன்.

மழையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவாரே, அதே மாதிரி தலையாட்டினார். ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஐப்பசிதோறும் ஒரு கார்டு வரும். மழை வந்ததா? அவ்வளவுதான் எழுதியிருக்கும். பெட்டியைப் பற்றி ஒரு சொல் இருக்காது. வந்தது என்றோ, வரவில்லை என்றோ நான் ஒரு வரி எழுதிப் போடுவேன். அய்யா இறந்த வருடம் அதையும் ஒரு வரியில் எழுதினேன். அடுத்த ஐப்பசியில் கார்டு வரவில்லை. நானும் தேடவில்லை.

கோயிலில் மண்குதிரை தூக்கும் புரவி எடுப்புத் திருவிழாவுக்காகச் சுத்தம் செய்தபோது பெட்டியைத் திறந்தார்களாம். உப்புக்காற்றுக்கு டேப்பெல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தன. இனி ஆருக்கும் ஆகாது, வேணுங்கிறவுக எடுத்துக்கங்க என்று அம்பலம் வெளியே கொட்டிவிட்டார். நான் அதைக் கேள்விப்பட்டபோது எல்லாம் போய்விட்டிருந்தது.

அந்தத் தையில் கடைமடைப் பக்கம் போனேன். மழை வாய்த்த வருடம். கதிர் முற்றிக் கிளி இறங்கிக்கொண்டிருந்தது. காளியம்மா வரப்பில் குந்தி, ஒரு சின்ன டேப்பை உடைத்து, உள்ளேயிருந்த கறுப்பு நாடாவை உருவிக்கொண்டிருந்தாள். வயலைச் சுற்றிக் குச்சிகள் ஊன்றியிருந்தாள். இரண்டு பக்கம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. வெயிலில் மின்னிற்று. காற்று வந்தபோது அது இரைந்த சத்தத்துக்குக் கிளிகள் மொத்தமாக எழும்பின.

என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உருவிய நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

"டீச்சரு" என்றாள். "அந்த முனையக் கொஞ்சம் பிடி."

பிடித்தேன். மயிரைவிட லேசாக இருந்தது. அவள் நாடாவை விட்டுக்கொண்டே மறுகோடிக்கு நடந்தாள். நான் எதிர்க்குச்சியில் முடிச்சுப் போட்டேன். அறுந்துவிடாமல் இருக்க இரண்டு சுற்றாகச் சுற்றினேன்.